1950க்குப் பின் நான்கு முறை மாறிய கடற்படைக் கொடி: படைக் கொடிகளின் நிறமும் சின்னமும்

தமிழகத்தை ஒட்டியுள்ள கேரள மாவட்டங்களான பாலக்காட்டுக்கும் இடுக்கிக்கும் கடற்கரை கிடையாது. ஆயினும் இந்தியக் கடற்படையின் இன்றைய கொடி முதன்முதலில் ஏற்றப்பட்ட இடம் இடுக்கியின் அண்டை மாவட்டமான எர்ணாகுளம்தான். 2022 செப்டம்பர் 2ஆம் தேதி கொச்சி கப்பல் கட்டும் தளத்தில், உள்நாட்டிலேயே கட்டப்பட்ட முதல் விமானந்தாங்கிக் கப்பலான ஐஎன்எஸ் விக்ராந்த் கடற்படையில் இணைக்கப்பட்டது. அவ்விழாவில் பிரதமர் நரேந்திர மோடி புதிய கொடியை வெளியிட்டார்.

படைத்துறையில் கொடி என்பது அலங்காரப் பொருள் அன்று. ஒரு கப்பல் எந்த நாட்டுடையது, ஒரு தலைமையகத்தில் எந்த நிலை அதிகாரி பொறுப்பில் இருக்கிறார் என்பதைத் தொலைவிலிருந்தே அறிவிப்பது அதன் முதல் பணி. நாட்டின் வரலாற்றையும் இலட்சியத்தையும் எடுத்துக்காட்டுவது அடுத்த பணி. இவ்விரண்டும் ஒன்றோடொன்று எப்போதும் ஒத்துப்போவதில்லை என்பதைக் கடற்படைக் கொடியின் கதை காட்டுகிறது.

விடுதலைக்கு முன் இந்தியக் கடற்படைக் கப்பல்களில் பிரிட்டிஷ் கடற்படையின் வெண்கொடியே பறந்தது. வெண்ணிறத் துணியில் புனித ஜார்ஜின் செஞ்சிலுவையும், மேல் இடது மூலையில் பிரிட்டனின் யூனியன் ஜாக்கும் அதில் இருந்தன. 1950 ஜனவரி 26ஆம் தேதி குடியரசு மலர்ந்தபோது யூனியன் ஜாக் நீக்கப்பட்டு அவ்விடத்தில் மூவண்ணக் கொடி வந்தது. செஞ்சிலுவை மட்டும் அப்படியே தொடர்ந்தது. குடியரசான பின்னும் அரை நூற்றாண்டுக்கு மேல் இங்கிலாந்தின் சிலுவை இந்தியப் போர்க்கப்பல்களில் பறந்ததைப் பலரும் கவனித்ததில்லை.

2001 ஆகஸ்ட் 15 முதல் சிலுவை அகற்றப்பட்டு, வெண்ணிறப் பின்னணியில் கடற்படையின் சின்னம் நீல நிறத்தில் பொறிக்கப்பட்டது. காலனிய அடையாளத்தைக் களையும் நோக்கம் நிறைவேறியது. ஆனால் கடலில் வேறொரு சிக்கல் எழுந்தது. வானும் நீரும் நீலமாக இருக்கும் சூழலில் நீலச் சின்னம் எடுப்பாகத் தெரியவில்லை என்ற முறையீடு வந்தது. இதனால் 2004இல் செஞ்சிலுவை மீண்டும் இடம்பெற்றது. அதன் நடுவே, கோடுகள் சந்திக்கும் இடத்தில், அரசின் சிங்கமுகச் சின்னம் பொன்னிறத்தில் சேர்க்கப்பட்டது. 2014இல் அச்சின்னத்தின் கீழ் ‘சத்யமேவ ஜயதே’ என்ற சொற்கள் தேவநாகரியில் சேர்ந்தன.

2022இன் வடிவமைப்பில் சிலுவை முற்றிலும் விலகியது. மேல் இடது மூலையில் தேசியக் கொடி. வலப்புறத்தில் கருநீல எண்கோணம். சத்ரபதி சிவாஜியின் அரச முத்திரையைத் தழுவி அமைந்த இந்த எண்கோணத்திற்குப் பொன்னிற இரட்டை விளிம்பு உண்டு. எட்டுப் பக்கங்கள் எட்டுத் திசைகளைக் குறிப்பவை. எண்கோணத்தினுள் அரசின் சின்னம், அதன்கீழ் கேடயத்தின் மேல் பதிந்த நங்கூரம், அடியில் கடற்படையின் குறிக்கோள் வாசகமான ‘ஷம் நோ வருணஃ’ ஆகியவை உள்ளன. நங்கூரம் அசையா உறுதியைக் குறிக்கிறது. வருணன் நமக்கு நலம் அருளட்டும் என்று பொருள்படும் அவ்வாசகத்தைப் பரிந்துரைத்தவர் ராஜாஜி. நீலம் மீண்டும் வந்திருந்தாலும், இம்முறை அது பொன்விளிம்பு சூழ்ந்த முழுநிறக் கட்டமாக நிற்கிறது.

கப்பலின் கொடியோடு, உயர் அதிகாரிகளின் தனிக் கொடிகளும் வாகனக் கொடிகளும் அப்போதே மாற்றியமைக்கப்பட்டன. கடற்படையில் ரியர் அட்மிரல் முதல் மேலுள்ளவர்களைக் ‘கொடி அதிகாரிகள்’ என்று அழைப்பதன் காரணம், தத்தம் நிலைக்குரிய கொடியை ஏற்றும் உரிமை அவர்களுக்கு இருப்பதே. கொச்சியைத் தலைமையிடமாகக் கொண்டு, கடற்படையின் பயிற்சிப் பணிகளை நடத்தும் தெற்குக் கடற்படைக் கட்டளையகத்தின் தலைவரும் அத்தகைய அதிகாரியே. வைஸ் அட்மிரல் நிலையில் இருப்பவர் அவர். பிரிட்டிஷ் மரபில் வைஸ் அட்மிரலின் கொடியில் ஒரு செவ்வட்டமும் ரியர் அட்மிரலின் கொடியில் இரண்டும் இருக்கும். நிலை உயர உயர அடையாளம் குறையும் விந்தை இது.

தரைப்படையில் முறை தலைகீழ். அங்கு அதிகாரியின் நிலையை நட்சத்திரங்கள் கூட்டிக் காட்டும்: பிரிகேடியருக்கு ஒன்று, மேஜர் ஜெனரலுக்கு இரண்டு, லெப்டினன்ட் ஜெனரலுக்கு மூன்று, ஜெனரலுக்கு நான்கு, பீல்டு மார்ஷலுக்கு ஐந்து. அதிகாரி வாகனத்தில் இல்லாதபோது நட்சத்திரத் தகடு உறையிட்டு மறைக்கப்படும். தரைப்படையின் கொடி சிவப்பு. மூலையில் தேசியக் கொடியும் வலப்புறத்தில் சிங்கமுகத்துடன் குறுக்கு வாள்களும் அதில் உண்டு. கட்டளையகங்களின் சின்னங்கள் சிவப்பு, கறுப்பு, சிவப்பு என்ற மூன்று பட்டைகளின் மேலும், கோர் எனப்படும் படைப்பிரிவுகளின் சின்னங்கள் சிவப்பு, வெள்ளை, சிவப்புப் பட்டைகளின் மேலும் அமைவது வழக்கம்.

விமானப்படைக் கொடி வெளிர் நீலம். அதில் மூவண்ண வட்டம் இடம்பெற்றிருந்தது. 2023 அக்டோபர் 8ஆம் தேதி பிரயாக்ராஜில் வெளியிடப்பட்ட புதிய கொடியில் விமானப்படையின் சின்னமும் சேர்ந்தது. முப்படைத் தலைமைத் தளபதி பதவி 2020 ஜனவரி 1ஆம் தேதி ஜெனரல் விபின் ராவத்துடன் தொடங்கியபோது, அந்த அலுவலகத்திற்கெனக் கருஞ்சிவப்பு நிறக் கொடி உருவானது. வாள்கள், கழுகு, நங்கூரம் மூன்றையும் ஒருங்கே தாங்கிய முப்படைச் சின்னம் அதில் உள்ளது.

பாலக்காட்டின் சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பகுதிகளிலும் இடுக்கியின் தேவிகுளம், பீர்மேடு பகுதிகளிலும் வாழும் தமிழ் இளைஞர்களுக்கு இந்நிறங்கள் அறிமுகமாகும் வழி வேறு. என்.சி.சி. எனப்படும் தேசிய மாணவர் படையின் கொடியில் தரைப்படைக்குச் சிவப்பும், கடற்படைக்குக் கருநீலமும், விமானப்படைக்கு வெளிர் நீலமும் பட்டைகளாக அமைந்துள்ளன. நடுவிலுள்ள தாமரை மலர்கள் 17. அப்படையின் இயக்குநரகங்களின் எண்ணிக்கை அதுவே. தரைப்படையில் சேர விரும்பும் பாலக்காட்டினர் கோழிக்கோடு ஆள்சேர்ப்பு அலுவலகத்தையும், இடுக்கியினர் திருவனந்தபுரம் அலுவலகத்தையும் சார்ந்தவர்கள். பலரும் சேர விரும்பும் மெட்ராஸ் ரெஜிமெண்டின் மையம் பாலக்காட்டுக்கு அப்பால் நீலகிரி வெலிங்டனில் உள்ளது. 1803ஆம் ஆண்டின் அஸ்ஸாயே போரை நினைவூட்டும் யானை அதன் சின்னம்.

இதே மூன்று நிறங்கள்தாம் டிசம்பர் 7ஆம் தேதி படைவீரர் கொடி நாளன்று சட்டையில் குத்தப்படும் சிறு கொடிகளிலும் காணப்படுகின்றன. இந்நாளைக் கடைப்பிடிக்க 1949 ஆகஸ்ட் 28ஆம் தேதி முடிவு செய்யப்பட்டது. கொடிக்கு ஈடாகத் திரட்டப்படும் நன்கொடை, போரில் கணவரை இழந்தோர், உடலுறுப்பு இழந்த வீரர்கள், முன்னாள் படைவீரர்கள் ஆகியோரின் நலப் பணிகளுக்குச் செலவிடப்படுகிறது.