குளிர்பதனச் சேவை உரிமக்கிளை

குளிர்பதனச் சேவை உரிமக்கிளை என்பது, குளிர்பதனி (ஏ.சி.), குளிர்சாதனப் பெட்டி, நீர் சூடேற்றி (கீசர்) முதலியவற்றைப் பொருத்திப் பழுதுபார்க்கும் சிறு தொழிலகம் ஒன்று, பெரிய நிறுவனம் ஒன்றின் பெயரையும் செயல்முறையையும் உடன்படிக்கையின் பேரில் பயன்படுத்தித் தொழில் நடத்தும் முறையாகும். பேச்சு வழக்கில் இது பிரான்சைஸ் என்றே அழைக்கப்படுகிறது. கடை, கருவி, ஆட்கள் ஆகியவை உள்ளூர்க்காரருடையவை. பெயரும் வேலை அழைப்புகளும் நிறுவனத்துடையவை. வாடிக்கையாளர் யாருக்கு உரியவர் என்பதே இதில் எழும் முதன்மையான வினா ஆகும். இக்கட்டுரை கடலூர், சிதம்பரம் ஆகிய ஊர்களின் சூழலை முன்வைத்து இம்முறையை விளக்குகிறது.

தோற்றம்

1850களில் சிங்கர் தையல் இயந்திர நிறுவனம் தன் விற்பனையை உள்ளூர் முகவர்களிடம் ஒப்படைத்தது உரிமக்கிளை முறையின் தொடக்கங்களுள் ஒன்றாகக் கருதப்படுகிறது. ஏற்கனவே நடந்துவரும் கடைகளைத் தன் பெயரின்கீழ் சேர்த்துக்கொள்ளும் வகை பின்னர் வந்தது. அமெரிக்காவில் 1971இல் தொடங்கிய செஞ்சுரி 21 என்னும் வீடு, மனை விற்பனை நிறுவனம் அவ்வழியில் வளர்ந்தது. அந்நாட்டில் ஏர் சர்வ் போன்ற பெயர்களில் வெப்பமூட்டல், குளிர்பதனத் தொழிலுக்கென்றே உரிமக்கிளைத் தொடர்கள் உள்ளன. இந்தியாவில் புளூ ஸ்டார் (1943), வோல்டாசு (1954) முதலிய குளிர்பதன நிறுவனங்கள் உள்ளன. இங்கு நிலவுவது பெரும்பாலும் இத்தகைய நிறுவனங்களின் அங்கீகாரம் பெற்ற சேவை மையம் என்னும் வடிவமே.

உரிமக்கிளை என்பது கடலூருக்குப் புதிய சொல் அன்று. சிக் சாம்பூவைச் சிறு பொதிகளில் விற்று வளர்ந்த சி. கே. ரங்கநாதனின் ஊர் இது. அவருடைய உடன்பிறந்தவரான சி. கே. குமரவேலும் வீணா குமரவேலும் 2000ஆம் ஆண்டில் சென்னையில் தொடங்கிய நேச்சுரல்ஸ் அழகு நிலையம் உரிமக்கிளைகள் வழியாகவே பல ஊர்களுக்கும் பரவியது.

கடலூர், சிதம்பரம் சூழல்

கடலூரின் கடலோரப் பகுதிகளில் உப்புக் காற்றினால் வெளிப்புறப் பெட்டியின் (அவுட்டோர் யூனிட்) செப்புக் குழாய்களும் அலுமினிய இதழ்களும் விரைவில் அரிக்கப்படுகின்றன. வளிமக் கசிவும் கன்டென்சர் மாற்றமும் இதனால் கூடுகின்றன. அரிப்பினால் வரும் பழுதைப் பல உத்தரவாத அட்டைகள் விலக்கிவிடுவதால், வாடிக்கையாளரின் கோபம் நிறுவனத்தைச் சேராமல், வாசலில் நிற்கும் மெக்கானிக்கையே சேர்கிறது. 2011 திசம்பர் 30 அன்று புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரை கடந்த தானே புயல் போன்ற பேரிடர்களும் இத்தொழிலின் வரவுசெலவைக் குலைப்பவை.

சிதம்பரத்தின் நிலை வேறு. அண்ணாமலைப் பல்கலைக்கழகமும் (1929) மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் அங்குள்ளன. ஆனித் திருமஞ்சனம், மார்கழித் திருவாதிரை ஆகிய விழாக்களின்போது விடுதிகள் நிரம்புகின்றன. கத்திரி வெயிலில் குவியும் ஏ.சி. வேலை வடகிழக்குப் பருவமழையில் ஓய்ந்துவிடும். அப்போது கீசர் பழுதுகளே கைகொடுக்கும். ஏ.சி.க்கு மட்டும் உரிமம் தரும் உடன்படிக்கையில் சேர்ந்தவர் இந்த மாதங்களைத் தம் பெயரிலேயே கடக்க வேண்டியிருக்கும். உடன்படிக்கை அதை அனுமதிக்கிறதா என்பதை முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுதல் வேண்டும்.

இரு ஊர்களுக்கும் இடையே ஏறத்தாழ 45 கி.மீ. தொலைவு உண்டு. நிறுவனம் ஓர் அழைப்புக்கு இவ்வளவு என நிலையான தொகை தருமாயின், மஞ்சக்குப்பத்தில் முடியும் வேலைக்கும் காட்டுமன்னார்கோயில் வரை செல்லும் வேலைக்கும் கூலி ஒன்றே. பெட்ரோல் செலவு மட்டும் ஒன்றன்று.

பயன்கள்

அரசு நிறுவனங்களின் ஒப்பந்தப்புள்ளிகளில் உற்பத்தியாளரின் அங்கீகாரக் கடிதம் கேட்கப்படுவது வழக்கம். தனிக் கடைக்காரருக்கு மூடியிருக்கும் அக்கதவு உரிமக்கிளைக்குத் திறக்கக்கூடும். உண்மையான உதிரிப்பாகங்கள் கிடைப்பது மற்றொரு பயன்.

பயிற்சியே இவற்றுள் பெரியது எனலாம். ஆர்-22 வளிமத்தில் பழகிய கைகள் இன்று தீப்பற்றக்கூடிய ஆர்-32, அதனினும் எளிதில் தீப்பற்றும் ஆர்-290 (புரொப்பேன்) ஆகியவற்றைக் கையாள வேண்டியுள்ளது. இந்தியா 2021இல் கிகாலித் திருத்தத்தை ஏற்புறுதி செய்தது. 2019இல் வெளியான இந்தியக் குளிர்விப்புச் செயல்திட்டம் ஒரு இலட்சம் சேவைத் தொழிலாளர்களுக்குப் பயிற்சியும் சான்றும் அளிப்பதை இலக்காகக் கொண்டது. வெற்றிடப் பம்பு இல்லாமல், வளிமத்தைக் கொண்டே குழாயிலுள்ள காற்றை வெளியேற்றும் பழைய வழக்கம் இப்புதிய வளிமங்களில் உயிருக்கே ஆபத்தானது.

உடன்படிக்கையும் சட்டமும்

இந்தியாவில் உரிமக்கிளைக்கெனத் தனிச்சட்டம் இல்லை. அமெரிக்காவிலோ, நிறுவனம் தன் கட்டணங்கள், வழக்குகள், விலகிய கிளைகள் முதலிய விவரங்களைக் கையொப்பத்துக்குக் குறைந்தது 14 நாட்களுக்கு முன்பே எழுத்தில் தர வேண்டும். இங்கு அவற்றைக் கேட்டுப் பெறும் பொறுப்பு சேருபவருடையது. இந்திய ஒப்பந்தச் சட்டம் (1872), வணிகக் குறியீடுகள் சட்டம் (1999) முதலிய பொதுச் சட்டங்களே இங்குப் பொருந்துகின்றன.

வேறு நிறுவனத்தின் வேலையைச் செய்யக்கூடாது என்னும் நிபந்தனை பெரும்பாலும் சர்ச்சைக்குரியது. ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆம் பிரிவு தொழிலைத் தடுக்கும் உடன்பாட்டைச் செல்லாததாக்குகிறது. ஆயினும் குஜராத் பாட்லிங் நிறுவனத்துக்கும் கொக்கா கோலாவுக்கும் இடையிலான வழக்கில் (1995), உடன்படிக்கை நடப்பிலுள்ள காலத்தில் இத்தகைய தடை செல்லும் என உச்ச நீதிமன்றம் கூறியது. உடன்படிக்கை முடிந்த பின்னும் நீளும் தடை செல்லாது என்பது துடுப்பாட்ட வீரர் சாகிர் கான் தொடர்பான வழக்கில் (2006) உறுதியாயிற்று. எனவே, விலகிய மெக்கானிக் அதே ஊரில் தம் பெயரில் கடை நடத்துவதை நிறுவனம் தடுப்பது எளிதன்று. ஆனால் வாடிக்கையாளரின் தொலைபேசி எண்கள் நிறுவனத்தின் கணினியிலேயே இருக்கும். பலகையைக் கழற்றிய மறுநாள் அழைப்புகள் அடுத்த கிளைக்குச் செல்லும். சேருமுன்னரே தமக்கிருந்த வாடிக்கையாளர்களின் பட்டியலை உடன்படிக்கையின் இணைப்பாகச் சேர்க்கச் செய்வது பயன்தரும்.

உத்தரவாத வேலைக்கான பணம் வாடிக்கையாளரிடமிருந்து அன்றி நிறுவனத்திடமிருந்தே வரும். அதற்குள் சம்பளமும் உதிரிப்பாகங்களுக்கான முன்பணமும் கடைக்காரர் கையிலிருந்து போய்விடும். சிறு கிளைகள் தள்ளாடுவதற்கு வேலையின்மையைவிட இத்தாமதம் காரணமாவதுண்டு. குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் வளர்ச்சிச் சட்டம் (2006) குறு, சிறு தொழில்களுக்கு 45 நாட்களுக்குள் பணம் தரப்பட வேண்டும் என்கிறது. தவறினால் வங்கி விகிதத்தைப் போல் மும்மடங்கு வட்டி, மாதந்தோறும் கூட்டுவட்டியாகச் சேரும். இதற்கான முறையீட்டை வசதியாக்க மன்றத்தில் அளிக்கலாம். 2020 சூலை முதல் நடப்பிலுள்ள உத்யம் பதிவை உடன்படிக்கைக்கு முன்னரே முடித்து, அப்பதிவு எண்ணை ஒவ்வொரு பட்டியலிலும் குறிப்பிடுவது நல்லது. ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படும் உடன்படிக்கையில் கையொப்பமிட்ட ஒருவர் தன் நிறுவனத்தின்மீது முறையிடத் தயங்குவார் என்பதும் உண்மையே. அதனால் நிலுவை எவ்வளவு தொகையைத் தாண்டினால் உதிரிப்பாகக் கொள்முதலை நிறுத்தலாம் என்னும் வரம்பைத் தொடக்கத்திலேயே எழுதிக்கொள்ளும் கடைக்காரர்களும் உள்ளனர்.