கேசட்டோட பி சைடு

ஒரகடம் பக்கம் ஃபேக்டரிங்க வந்த பிறகு எங்க ஊர்ல ஞாயித்துக்கிழமை சத்தமே மாறிப்போச்சு. எங்க தெருவுல வாடகைக்கு இருக்கிற பசங்கள்ல பாதிப்பேர் தூத்துக்குடி, நெல்லை, நாகர்கோவில் பக்கத்துக்காரங்க. நைட் ஷிப்ட் முடிஞ்சு வந்து துணி துவைக்கிறப்ப செல்போன்ல கிறிஸ்தவப் பாட்டு போட்டுவிடுவாங்க. பெர்க்மான்ஸ் ஃபாதரோட ஜெபத்தோட்ட ஜெயகீதங்கள், தினகரன் பாடினது, இப்ப புதுசா வர்றதுன்னு எல்லாம் தேடினா உடனே கிடைக்கிற பாட்டுங்க. எங்க காலனி சர்ச்சுல வயசானவங்க பாடுறது வேற. அதுல பாதி எந்த ஆப்லயும் கிடையாது. அதைக் கேட்டுட்டு ஒரு பையன் "அண்ணே, இத எங்க டவுன்லோட் பண்றது?"ன்னு என்கிட்ட கேட்டான்.

நான் சர்ச்சுக்குப் போறவன் இல்ல. ஆனா இந்த ஊர்ப் பழங்கதை எல்லாம் எப்படியோ என்கிட்ட வந்து சேருது. ஒரு நாலு மாசமா இதைத்தான் தோண்டிக்கிட்டு இருக்கேன்.

முதல்ல, இங்க இந்தப் பாட்டு எப்படி வந்துச்சுன்னு பார்க்கணும். அப்ப இது செங்கல்பட்டு ஜில்லா. 1891ல் கலெக்டரா இருந்த ட்ரெமன்ஹீர், இந்த ஜில்லாவுல பறையர் மக்கள் படுற பாட்டைப் பத்தி ஒரு அறிக்கை எழுதினார். அதைத் தொடர்ந்து 1892ல் அவங்களுக்கு நிலம் கொடுக்க அரசாங்கம் உத்தரவு போட்டுச்சு. இன்னிக்குப் பஞ்சமி நிலம்னு நாம பேசுறது அதைத்தான். அந்த நிலப் பிரச்சினையில முன்னால நின்னவர்கள்ல ஸ்காட்லாந்து மிஷனைச் சேர்ந்த ஆடம் ஆண்ட்ரூவும் ஒருத்தர். சிங்கப்பெருமாள்கோவில் பக்கம் மெல்ரோசாபுரம்னு ஒரு ஊர் இருக்கே, அது அவர் விவசாயம் பண்ணிப் பிழைக்கிறதுக்குன்னு உண்டாக்கின குடியிருப்பு. ஆக நம்ம பக்கத்துல நிலமும் சர்ச்சும் ஒண்ணா வந்த ஊர்கள் உண்டு. அந்த ஊர்ப் பாட்டுகள்ல ஏரியும் களத்துமேடும் கூலியும் வர்றதுல ஆச்சரியம் இல்ல.

சர்ச்சுல ரெண்டு வகைப் பாட்டு. வெள்ளைக்காரங்க மெட்டுல மொழிபெயர்த்தது பாமாலை. நம்ம ராகத்துல நம்ம ஆளுங்க கட்டினது கீர்த்தனை. கீர்த்தனைன்னு எடுத்தா தஞ்சாவூர் வேதநாயகம் சாஸ்திரியார்ல தொடங்கணும். 1774ல் பிறந்து 1864 வரைக்கும் இருந்தவர். சுவார்ட்ஸ் ஐயர்கிட்ட வளர்ந்து, சரபோஜி மன்னரோட ஆதரவுல பாடினவர். 1853ல் அமெரிக்க மதுரை மிஷன் எட்வர்ட் வெப், சாஸ்திரியார் பாட்டும் மத்தவங்க பாட்டுமா சேர்த்துப் புத்தகமா அச்சுப் போட்டார். அச்சுல வந்ததால அது தப்பிச்சுது. அச்சுல வராதது யார் வாய்ல இருந்துச்சோ அவங்களோட போச்சு.

ஒலிப்பதிவு வந்த பிறகும் இதே கதைதான். கிரியர்சன் நடத்தின மொழி ஆய்வுக்காக 1913லேர்ந்து 1929 வரைக்கும் நம்ம நாட்டு மொழிகள் பலதையும் கிராமஃபோன் தட்டுல பதிவு பண்ணினாங்க. பெரும்பாலான மொழிக்காரங்களை ஒரே கதையைச் சொல்ல வச்சாங்க. பைபிள்ல வர்ற கெட்ட குமாரன் கதை. அந்தத் தட்டுகளை இன்னிக்குச் சிகாகோ பல்கலைக்கழகத்தோட இணையதளத்துல இலவசமாவே கேட்கலாம். அப்புறம் சென்னையில ஏவி. மெய்யப்பச் செட்டியாரோட சரஸ்வதி ஸ்டோர்ஸ் மூலமா ஓடியன் கம்பெனித் தட்டுகள் வந்துச்சு. அந்த ஓடியன் தட்டுகளைத் தேடிப் பிடிச்சு, பிரிட்டிஷ் லைப்ரரி கொடுத்த பணத்துல டிஜிட்டல் ஆக்கினது மும்பை இசைத்தட்டுச் சேகரிப்பாளர் சங்கம். பாட்டோட நிறுத்தாம தட்டு மேல ஒட்டின லேபிளையும் படம் எடுத்து வச்சாங்க. இதைக் கொஞ்சம் ஞாபகத்துல வச்சுக்கோங்க, பின்னால தேவைப்படும்.

தட்டு காலத்துல யார் பாடணும்னு கம்பெனிதான் முடிவு பண்ணும். கேசட் வந்ததும் அது உடைஞ்சுது. பிலிப்ஸ்காரங்க 1963லயே கேசட்டைக் கொண்டுவந்துட்டாலும் நம்ம கிராமத்துக்கு டேப் ரெக்கார்டர் வந்தது எண்பதுகள்லதான். வளைகுடா போனவன் கொண்டுவந்த செட்டுதான் ஊருக்கே முதல் செட்டு. கொஞ்சம் பணம் புரட்ட முடிஞ்சா யார் வேணும்னாலும் கேசட் போடலாம்னு ஆச்சு. உபதேசியார் போட்டார், கன்வென்ஷன் பாட்டுக்காரங்க போட்டாங்க, அம்மன் பாட்டு, ஐயப்பன் பாட்டு எல்லாம் வந்துச்சு. இந்தக் கேசட்டுங்கதான் இன்னிக்கு மொத்தமா அழிஞ்சுக்கிட்டு இருக்கு.

பக்கத்து ஊர்ல ஒரு பாட்டுக்காரர் இருக்கார். எழுபதைத் தாண்டிட்டார். நாத்து நடவுக்கும் பாடுவார், சாவுக்கும் பாடுவார், கிறிஸ்துமஸ் பஜனைக்கும் பாடுவார். 1991ல் ரெண்டு மாட்டை வித்து, சென்னையில ஒரு சின்ன ஸ்டுடியோவுல ஒரே நாள்ல ஒரு கேசட் போட்டார். ஏ சைடுல அஞ்சு கீர்த்தனை. பி சைடுல அவரே கட்டின பாட்டு அஞ்சு. அதெல்லாம் நடவுப் பாட்டு மெட்டு, தெம்மாங்கு மெட்டு. ஒண்ணு ஏரி மடை திறக்கிறதைப் பத்தினது. ஒண்ணு கூலியா அளந்து போட்ட நெல்லுல மரக்கா குறைஞ்சதைப் பத்தி கர்த்தர்கிட்டயே முறையிடுறது. ஆர்மோனியம் ஒருத்தர், டோலக் ஒருத்தர், கோரஸுக்கு அந்த ஊர் நடவுக்காரப் பொம்பளைங்க மூணு பேர். அஞ்சு பேர் பேரையும் கேசட் அட்டையில அச்சுப் போட்டிருந்தார். எழுத்துக்கூட்டிப் படிச்ச அந்தப் பொம்பளைங்க சந்தோஷத்தை இன்னிக்கும் சொல்லிச் சிரிப்பார்.

கேசட் வித்துத் தீர்ந்துச்சு. மறுபடி போடப் பணம் இல்ல. அப்புறம் எம்பி3 சிடி வந்துச்சு, ஒரே சிடியில இருநூறு பாட்டு. அதுக்கப்புறம் செல்போன். 2006ல் நம்ம ஸ்ரீபெரும்புதூர்ல நோக்கியா ஃபேக்டரி திறந்தாங்க, 2014ல் மூடிட்டாங்க. அந்த எட்டு வருஷத்துல நம்ம பக்கம் டீக்கடைக்கு ஒரு செல் கடை வந்துடுச்சு. 'மெமரி கார்டில் பாட்டு ஏற்றித் தரப்படும்'னு போர்டு தொங்கும். அப்படி ஏத்தினதுல இவர் பாட்டும் இருந்துச்சு. ஆனா 'ட்ராக் 07' மாதிரி பேரோட. அங்கேர்ந்து யாரோ ஒருத்தர் எடுத்து, சூரியன் உதிக்கிற படம் ஒண்ணைப் போட்டு, தன் சேனல்ல ஏத்திட்டார். ஏ சைடு மட்டும். பாடினவர் பேரும் இல்ல, டோலக்காரர் பேரும் இல்ல. கீழ நிறைய பேர் 'யார் பாடியது'ன்னு கேட்டிருக்காங்க. யாரும் பதில் போடல.

"காசு வராததுகூடப் பரவால்லப்பா. அந்தப் பொண்ணுங்க பேரு போச்சே"ன்னார். மூணு பேர்ல ஒருத்தர்தான் இப்ப உயிரோட இருக்காங்க. அவர் பேரைக்கூட இந்தப் பதிவுல போடட்டுமான்னு கேட்டேன். "பேரு பாட்டுல இருக்கட்டும், உன் எழுத்துல எதுக்கு"ன்னுட்டார்.

ஏ சைடு தப்பிச்சு பி சைடு போனது தற்செயல் இல்லன்னு எனக்குத் தோணுது. அமெரிக்காவுல கறுப்பின மக்கள் சர்ச்சுல பாடுற காஸ்பல் பாட்டுக்கும் இதே கதி வந்துச்சு. ராபர்ட் டார்டன்னு டெக்சஸ் பெய்லர் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர், 2005ல் நியூயார்க் டைம்ஸ்ல ஒரு கட்டுரை எழுதினார். காஸ்பல் இசையோட பொற்காலத்துல வந்த தட்டுகள்ல பெரும்பகுதி காணாமப் போயிட்டு இருக்கு, யாரும் கவலைப்படலன்னு. அதைப் படிச்ச ராய்ஸ்னு ஒரு முதலீட்டாளர் பணம் கொடுத்தார். அதுலேர்ந்து பெய்லர்ல தட்டுகளைத் தேடி டிஜிட்டல் ஆக்குற வேலை ஆரம்பிச்சுது. தட்டுகளைத் திருப்பிப் போட்டுக் கேட்டப்பதான் ஒண்ணு தெரிஞ்சுது. முன்பக்கம் எல்லாருக்கும் தெரிஞ்ச பக்திப் பாட்டு. பின்பக்கத்துல சம உரிமைப் போராட்டத்தைப் பத்தின பாட்டு, அதுவும் எதிர்பார்த்ததைவிட நிறைய. பிரபலமான பாட்டை மட்டும் மறுபடி வெளியிட்டப்ப பின்பக்கம் விட்டுப்போச்சு. டார்டன் அதை வச்சே தனியா புத்தகம் எழுதினார்.

நம்ம பக்கத்துலயும் இப்படிப் பின்பக்கத்தை முன்னால கொண்டுவந்த ஒருத்தர் உண்டு. மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில இருந்த தியாபிலஸ் அப்பாவு, பரட்டைன்னா நிறைய பேருக்குத் தெரியும். 1940ல் பிறந்து 2005ல் இறந்தார். கீர்த்தனைக்கு மட்டும் மரியாதை இருந்த இடத்துல கிராமத்து மெட்டையும் பறையையும் கொண்டுவந்து வச்சவர். எல்லாரும் ஒரே உலையில பொங்கிச் சாப்பிடணும்கிறது அவர் பாட்டோட அடி. ஜோயி ஷெரினியன்னு ஒரு அமெரிக்க ஆய்வாளர் அவரோட பாட்டுகளைப் பத்தி 2014ல் முழுப் புத்தகம் எழுதியிருக்காங்க. நம்ம பாட்டுக்காரருக்கு அப்படி எழுத ஆள் வரல. அவ்வளவுதான் வித்தியாசம்.

சரி, டவுன்லோடு விஷயத்துக்கு வர்றேன். பழைய பாட்டுன்னா யார் வேணா ஏத்தலாம்னு பலபேர் நினைக்கிறாங்க. சட்டம் அப்படி இல்ல. 1957ம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டப்படி பாட்டு எழுதினவர் இறந்து 60 வருஷம் வரைக்கும் அந்த எழுத்துக்கு உரிமை உண்டு. ஒலிப்பதிவுக்கு அது வெளியான வருஷத்துலேர்ந்து 60 வருஷம். சாஸ்திரியார் எழுத்து எல்லாருக்கும் பொது. அதையே 1991ல் ஒருத்தர் பாடிப் பதிவு பண்ணினா அந்தப் பதிவு 2051 வரைக்கும் பொது இல்ல. இன்னொண்ணு: முன்னாடி நின்னு பொறுப்பேத்துப் பதிவு பண்ணினவர்தான் சட்டத்துல தயாரிப்பாளர். மாட்டை வித்தது இவர். அப்ப உரிமையும் இவரோடதுதான். விக்கிறதுக்காக மாஸ்டர் டேப்பை வாங்கிப்போன கடைக்காரருக்கு இவர் எதுவும் எழுதிக் கொடுக்கல. உரிமையை மாத்திக் கொடுக்கணும்னா எழுத்துல இருக்கணும். நம்ம ஊர்ல பட்டா இல்லாத நிலத்துக்கே சண்டை போடுறோம், இதுல ஆவணம் இவர் பக்கம் இருக்குன்னு அவருக்கே தெரியல.

அவர் பரண்ல ஒரே ஒரு கேசட் மிச்சம் இருந்துச்சு. வெள்ளையா பூஞ்சை. இப்படிக் கிடைச்சா உடனே செட்டுல போட்டு ஓட்டிடாதீங்க. பூஞ்சை செட்டுக்குள்ளயும் ஒட்டிக்கும், அடுத்த கேசட்டையும் கெடுக்கும். முதல்ல ரெண்டு பல்லும் உடைஞ்சிருக்கான்னு பாருங்க, இல்லன்னா உடைச்சுடுங்க. அப்பதான் தப்பி ரெக்கார்ட் பட்டன் அமுங்கினாலும் அழியாது. டேப்பை அழுத்திப் பிடிக்கிற சின்னப் பஞ்சு உள்ள கழண்டு விழுந்திருக்கும், அதை வேற கேசட்லேர்ந்து மாத்தலாம். ஹெட்டை ஐசோபுரோபைல் ஆல்கஹால்ல துடைக்கணும். ஒருமுறை கடைசி வரைக்கும் சுத்திவிட்டுத் திரும்பச் சுத்தணும். ஹெட் பக்கத்துல இருக்கிற சின்ன ஸ்க்ரூவைத் துளித்துளியா திருப்பினா மங்கலா கேட்கிற சத்தம் ஒரு இடத்துல பளிச்சுன்னு வரும். கம்ப்யூட்டர்ல ஆடாசிட்டின்னு இலவச மென்பொருள் இருக்கு, அதுல பதிவு பண்ணி வேவ் ஃபைலா வச்சுக்கணும். எம்பி3 அதுலேர்ந்து எடுக்கிற நகல்தான். எம்பி3யை மட்டும் வச்சுக்கிட்டு மூலத்தை விடுறது, விதைநெல்லைக் குத்திட்டு அரிசியை வச்சு அடுத்த போகம் விதைக்கப் பார்க்கிற மாதிரி.

அப்புறம் அட்டை. முன்னும் பின்னும், மடிச்ச உள்பக்கமும் ஸ்கேன் பண்ணணும். ஓடியன் லேபிளைப் படம் எடுத்தாங்கன்னு சொன்னேனே, அது இதுக்குத்தான். பாட்டு ஃபைலுக்குள்ளயே பேர் எழுதுற இடம் இருக்கு. அஞ்சு பேர் பேரையும் ஒவ்வொரு பாட்டுலயும் தமிழ்லயே எழுதினோம். கோரஸ்காரம்மா பக்கத்துல உக்காந்து எழுத்துப்பிழை திருத்தினாங்க.

இப்ப அவர் சம்மதத்தோட ரெண்டு சைடும் இணையத்துல ஏறிடுச்சு. இலவசமா கேட்கலாம். இறக்கிக்கிறவங்க பிடிச்சதைக் கொடுக்கட்டும்னு ஜிபே ஸ்கேன் படத்தைக் கூடவே வச்சோம். வர்ற பணத்தை ஆறு பங்கா போடணும்னு அவரே சொல்லிட்டார். தவறிப்போனவங்க பங்கு அவங்க வீட்டுக்குப் போகுது. பெருசா ஒண்ணும் இல்ல, முதல் மாசம் டோலக்காரர் பேத்திக்கு நோட்டுப் புத்தகம் வாங்குற அளவுக்கு வந்துச்சு. அந்தச் சேனல்காரருக்கும் அவரை விட்டே எழுதச் சொன்னோம். பதில் வரல.

ஒரே ஒரு குறை. பி சைடு கடைசிப் பாட்டு, அந்த மரக்கா பாட்டு, பாதியில டேப் நசுங்கிக் கிழிஞ்சிருக்கு. அவருக்கே பின்பாதி வரிகள் சரியா ஞாபகம் இல்ல. ஸ்ரீபெரும்புதூர், வாலாஜாபாத், செங்கல்பட்டு பக்கம் உங்க வீட்டுப் பரண்ல பழைய கேசட் பெட்டி இருந்தா ஒருமுறை பாருங்க. மஞ்சள் அட்டை, முன்னால ஏரிக்கரைப் படம், பின்னால கடைசி வரியில மூணு பொம்பளைங்க பேர் இருக்கும். கிடைச்சா ஓட்டிப் பார்க்காதீங்க, அப்படியே எடுத்து வச்சுட்டுச் சொல்லுங்க. நானே வந்து வாங்கிக்கிறேன்.