லயத்து அஞ்சடி: மலாக்கா தோட்டப்புற முதுமையும் வடிவமைப்பின் அலகும்

மலாக்கா மாநிலத் தோட்டப்புறத் தமிழ் முதியோரின் வாழ்விடம் குறித்த ஆய்வுகளில் லயத்து வீட்டுக்குப் பெரும்பாலும் ஒரே தீர்ப்புதான்: அது முதுமைக்கு ஒவ்வாது, தாமான் எனப்படும் வீடமைப்புப் பகுதி வீடே விடிவு. அறைகளின் எண்ணிக்கை, குழாய்த் தண்ணீர், மின்சாரம், வீட்டுக்குள் கழிவறை ஆகியவற்றை வைத்துப் பார்த்தால் இத்தீர்ப்பை மறுக்க இடமில்லை. மறுக்க வேண்டியது அதன் அடியில் கிடக்கும் கருதுகோளை. முதியவருக்குத் துணைநிற்கும் சூழலைத் தனி வீட்டை அலகாகக் கொண்டே அளக்க வேண்டும் என்று அது எடுத்துக்கொள்கிறது. லயத்தின் தரைப்படமோ வீட்டை அல்ல, வீட்டு வரிசையையே அலகாகக் காட்டுகிறது.

தனிவீட்டு அளவுகோலுக்கு அரணாக நிறுத்தப்படுவது முதுமையியல் ஆய்வாளர்கள் பாவெல் லாட்டனும் லூசில் நாஹெமோவும் 1973இல் முன்வைத்த வரைபடம். ஓர் அச்சில் மனிதரின் திறன். மறு அச்சில் சூழல் அவரிடம் கேட்கும் உழைப்பு. இரண்டும் ஒத்துப்போகும் இடம் சாய்வான ஒரு பட்டையாக வரையப்பட்டிருக்கும். திறன் குறையக் குறையப் பட்டை ஒடுங்குகிறது. இளையவர் பொருட்படுத்தாத ஒரு படிக்கட்டு எண்பது வயதுக்காரரை வீட்டோடு கட்டிப்போடுகிறது. தூண்கள்மேல் நிற்கும் பழைய பலகை வீடு, மழையில் வழுக்கும் மரப்படி, தள்ளியிருக்கும் பொதுக் கழிவறை என எல்லாம் சேர்ந்து லயத்தை அழுத்தம் மிகுந்த ஓரத்துக்குத் தள்ளுகின்றன. தாமான் வீடு பட்டையின் நடுவே வசதியாக அமர்ந்துவிடுகிறது.

வரைபடத்தின் பாதியை மட்டும் பார்த்த வாசிப்பு இது. சூழல் கேட்பது அளவுக்கு மிஞ்சினால் மட்டுமல்ல, அளவுக்குக் கீழே போனாலும் மனிதர் சோர்கிறார் என்பதும் அதே வரைபடம் சொல்வதே. மகனும் மருமகளும் விடியுமுன் பத்து பெரண்டாம் ஆலைகளுக்குக் கிளம்பிவிட, இரும்புக் கிரில்லைப் பூட்டிய தரைவீட்டில் மாலைவரை தொலைக்காட்சி முன் அமர்ந்திருக்கும் மூதாட்டியை எந்தப் பக்கத்தில் குறிப்பது? அவரிடம் சூழல் எதையும் கேட்பதில்லை. தீப்பிடித்தால் வெளியேற வழியும் இல்லை. தவிர, சூழலைப் பகுக்கும்போது லாட்டன் கட்டடத்தோடு நின்றதில்லை. நெருங்கிய மனிதர்கள், அக்கம்பக்கத்தாரின் பொது இயல்பு, சமூக வழக்கங்கள் ஆகியவற்றையும் தனித்தனியாக எண்ணினார். அவர் பெயரால் வீட்டை மட்டும் அளப்பது மூலத்தைச் சுருக்குவதாகும். இந்தக் கணக்கில் தாமான் வீடு தானாகவே தேறிவிடும் என்று சொல்ல முடியாது.

இனி தரைப்படம். லயம் என்பது ஒரே கூரையின்கீழ் ஒட்டி நிற்கும் வீடுகளின் நீண்ட வரிசை. முன்புறம் நெடுகிலும் ஓடுவது அஞ்சடி. பின்னாளில் வந்த இரட்டை வீடுகளில் இது இல்லை. பழைய வரிசைகளிலும் பல குடும்பங்கள் பலகையோ தகரமோ அடித்துத் தத்தம் பங்கை மறைத்துக்கொண்டன. மறைக்காத இடத்தில் அஞ்சடி ஒரே மட்டத்தில் கிடக்கும் கூரையிட்ட நடைபாதை. வடிவமைப்பு நோக்கில் இதற்கு என்ன மதிப்பு என்பதைச் சாய்தளக் கணக்கு காட்டிவிடும். சக்கர நாற்காலிக்கான சாய்தளத்துக்குப் பரவலாக ஏற்கப்பட்ட விகிதம் 1:12. தரை 90 சென்டிமீட்டர் உயர்ந்த பலகை வீட்டுக்கு, திரும்புமிடங்களைச் சேர்க்காமலே 10.8 மீட்டர் நீளச் சாய்தளம் தேவை. லயத்தின் எந்தத் தனி வீட்டு முகப்பிலும் அதற்கு இடமில்லை. வீட்டுக்கு வீடு கட்ட நினைத்தால் திட்டமே குலைந்துவிடும். வரிசையின் கோடியில் ஒன்றே ஒன்று கட்டினால் போதும். அஞ்சடியே மீதி வழி. ஐந்தடி அகலம் ஏறத்தாழ 1.52 மீட்டர். சக்கர நாற்காலி முழுவட்டமாகத் திரும்பக் கேட்கும் 1.5 மீட்டர் அதற்குள் அடங்கிவிடுகிறது. யாரும் இதைத் திட்டமிட்டுச் செய்யவில்லை. தோட்டத் துரைகள் கூலிகளின் முதுமையை எண்ணிக் கட்டியதற்குச் சான்று எதுவும் இல்லை. பயன்பாடு, கட்டியவரின் நோக்கத்துக்குக் கட்டுப்பட்டதன்று.

வரிசையே அலகு என்பது எச்சரிக்கை மணிக்கும் பொருந்தும். கழுத்தில் தொங்கவிடும் அபாயப் பொத்தானை அழுத்தினால் யார் வருவார், எத்தனை நிமிடத்தில் வருவார் என்பதே அதன் பயனைத் தீர்மானிக்கிறது. பலகைச் சுவரைத் தட்டினால் பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்க்கிற வரிசையில் பதில் தருபவர் ஏற்கெனவே இருக்கிறார். கருவி அவரை எழுப்பினால் போதும். தாமானில் அதே பொத்தான் ஆலை வேலையிலிருக்கும் மகனின் கைப்பேசிக்குப் போகிறது. வேலை நேரத்தில் அந்த அழைப்பு எடுக்கப்படுவது அரிது.

குளியலறையில் மட்டும் வரிசை உதவாது. சிமெண்டுத் தொட்டி, குவளை, எப்போதும் ஈரமான தரை, ஒரு படி உயர்த்திக் கட்டிய குந்து கழிவறை: தோட்டக் குடியிருப்பிலும் மலிவு விலை வீட்டிலும் காட்சி ஒன்றுதான். பால்மரம் வெட்டியே தேய்ந்த முழங்கால் குந்தும்போது வலிக்கும். எழும்போது கை பிடிமானம் தேடும். பிடிப்பது தொட்டியின் விளிம்பை, அல்லது தண்ணீர்க் குழாயை. குழாய் உடல் பாரத்தைத் தாங்கப் பொருத்தப்பட்டதன்று. கைப்பிடிக் கம்பி ஒன்றும் கமோட் நாற்காலி ஒன்றும் இங்கே பெரிய மாற்றம் செய்யும். நாற்காலியை எங்கும் வைக்கலாம். கம்பிக்குச் சுவரில் துளையிட வேண்டும், பலகைச் சுவரென்றால் பின்னால் கட்டையும் கொடுக்க வேண்டும். அந்தச் சுவர் யாருடையது?

தோட்டத்து வீடு வேலையோடு ஒட்டியது. தொழிலாளர் வீடமைப்பு, வசதிகளுக்கான குறைந்தபட்சத் தரத்தை வகுத்த 1990ஆம் ஆண்டுச் சட்டம் (சட்டம் 446) தண்ணீர், மின்சாரம், பழுதுபார்ப்பு, குழந்தைகளுக்கான ஆயாக் கொட்டாய் ஆகியவற்றை முதலாளியின் கடமையாக்குகிறது. அதன் கண் வேலை செய்பவர்மீது இருக்கிறது. ஓய்வுபெற்ற தகப்பன், மகன் பெயரிலுள்ள வீட்டில் தங்கியிருப்பவர் மட்டுமே. 2014இல் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோ மலாக்காவில் திறந்த பெரிய மறுவாழ்வு மையமும் காப்பீட்டாளர் வேலைக்குத் திரும்புவதையே முதல் நோக்கமாகக் கொண்டது. குடியிருப்பு உரிமையே உறுதியில்லாதபோது வரிசையைப் பற்றிப் பேசி என்ன பயன் என்று கேட்கலாம். உரிமைக் கேள்வி பெரிதுதான். ஆனால் லயத்தின் உரிமையாளர் ஒருவரே என்பதால், ஒரு சாய்தளத்துக்கும் இருபது கைப்பிடிகளுக்கும் ஒரே நிர்வாகத்தின் ஒப்புதல் போதும். தாமானில் இருபது பேரை இணங்க வைக்க வேண்டும். இதைக் கூலி லயத்துக்குப் பாடும் புகழ்பாட்டு என்று ஒதுக்குவோருக்கு நீண்ட விடை தேவையில்லை: அறையின் குறுகலையோ பொதுக் கழிவறையையோ யாரும் திரும்பக் கேட்கவில்லை.

மலாக்கா நகரம் இதே வாதத்தை எதிர்த்திசையிலிருந்து உறுதி செய்கிறது. வீடுகளின் முன் தொடர்ச்சியான கூரையிட்ட நடைபாதை வேண்டும் என்று சிங்கப்பூருக்கு ராஃபிள்ஸ் 1822இல் விதித்தார். மலாக்காவின் டச்சுக் காலத்து வீடுகள் அந்த விதிக்கு முந்தியவை. ஆகவே பழைய தெருக்களின் அஞ்சடி கடைக்குக் கடை ஏறியும் இறங்கியும், சில இடங்களில் சுவரில் முட்டியும் போகிறது. 1781இல் எழுந்த பொய்யாத விநாயகர் கோயிலுக்கு ஜாலான் துக்காங் எமாஸ் வழியே வரும் முதியவர் அஞ்சடியை விட்டு வாகனங்களோடு தெருவில் நடக்க நேர்கிறது. அடுத்தடுத்த இரு கடைகளின் மட்ட வேறுபாடு 12 சென்டிமீட்டர் என்றால் 1:12 விகிதத்தில் 1.44 மீட்டர் நீளச் சாய்வு போதும். அதைக் கட்டுவது எளிது. ஆனால் பாதி ஒரு கடையின் முன்னும் பாதி மறு கடையின் முன்னும் விழும். உடற்குறையுள்ளோர் அணுகலுக்காகச் சீரான கட்டட விதிகளில் சேர்க்கப்பட்ட 34அ விதி கட்டடம் கட்டடமாகவே பேசுகிறது; இரண்டு கட்டடங்களுக்கு இடைப்பட்ட அந்தச் சாய்வு எவருடைய பொறுப்பிலும் அடங்குவதில்லை. மாநிலத்தின் 1988ஆம் ஆண்டுப் பண்பாட்டு மரபுப் பாதுகாப்புச் சட்டமும், 2008இல் கிடைத்த யுனெஸ்கோ உலக மரபுத் தகுதியும் முகப்பு மாற்றங்களைக் கட்டுக்குள் வைத்திருப்பது நியாயமே. வரிசையாகவே அழகு பார்க்கப்படும் அத்தெருவில் சாய்தள விண்ணப்பத்தையும் வரிசையாகவே, அண்டைக் கடைக்காரர்கள் கூட்டாக ஒரே வரைபடத்தில் தரலாம். முகப்பைத் தொடாமல் தரையை மட்டும் சமன்செய்யும் பணியாக அது மதிப்பிடப்படலாம்.