பயர்பாக்ஸ் 3 முன்னோட்டப் பதிப்பும் சிதறிய தமிழ் எழுத்துகளும்

தேனியிலிருந்து முத்துக்கமலம் இணைய இதழ் 2006 ஜூனில் தொடங்கியபோது தமிழ்த் தளங்கள் பலவும் ஒருங்குறிக்கு மாறிக்கொண்டிருந்தன. தளத்துக்கொரு எழுத்துருவை நிறுவும் தொல்லை குறைந்தது. ஆனால் உலாவி வழியே வேறொரு தொல்லை வந்தது.

அவ்வாண்டு அக்டோபரில் வெளியான பயர்பாக்ஸ் 2 உலாவியில், இருபுற ஓரங்களும் நேராக அமைக்கப்பட்ட பத்திகளில் தமிழ் எழுத்துகள் சிதறின. ‘கொ’ என்ற ஓரெழுத்து, ககரம் வேறு குறி வேறாக உதிர்ந்து கிடக்கும். அதே பக்கம் இன்டர்நெட் எக்ஸ்புளோரரில் ஒழுங்காகத் தெரியும். வரியை நிரப்ப இடைவெளியைப் பகிரும்போது, மெய்யையும் உயிர்க்குறியையும் ஒரே எழுத்தாகக் கொள்ள உலாவியின் காட்சிப்பொறி அறியவில்லை. தனித்தனி எழுத்தாலான ஆங்கிலத்துக்கு இதனால் கேடில்லை. எழுதியவர்மேல் பிழையில்லை என்பது வாசகருக்கு எப்படித் தெரியும்?

தீர்வு கெக்கோ 1.9 என்னும் புதிய பொறியில் வந்தது. அதைக் கொண்ட பயர்பாக்ஸ் 3-இன் முதல் முன்னோட்டம் 2007 நவம்பரிலும், ஐந்தாவது 2008 ஏப்ரலிலும் வெளியாயின. முன்னோட்டப் பதிப்பைத் தனி அடைவில் நிறுவி, தனிப் பயனர் கணக்கில் இயக்குவதே பாதுகாப்பு. இல்லையேல் பழைய புத்தகக்குறிகளுக்கு ஆபத்து. சோதனையோ எளிது: ஓரம் நேராக்கிய தமிழ்ப் பத்தியைத் திறந்து, சன்னலைக் குறுக்கியும் விரித்தும் பார்த்தால் போதும். ‘கொ’ குலையவில்லை.

இறுதிப் பதிப்பு 2008 ஜூன் 17 அன்று வெளியாகி, 24 மணி நேரத்தில் 80 லட்சம் முறை பதிவிறக்கப்பட்டுக் கின்னஸ் சாதனையானது.