சேவல் முட்டை

சேவல் முட்டையிடுமா? இடாதென்பதைச் சிறுபிள்ளையும் அறியும். ஆயினும், அந்த இல்லாத முட்டையிலிருந்துதான் இலண்டன் மாநகரின் உழைக்கும் மக்களுக்கு ஒரு பெயர் பிறந்தது. 'காக்னி' என்பது அப்பெயர்.

பதினான்காம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் 'கோக்கனெய்' என்றால் சேவலின் முட்டை. சிறுத்து, வடிவு கெட்டுப் போன கோழிமுட்டையை அவ்வாறு பழித்தனர். பின்னர், செல்லத்தால் கெட்ட பிள்ளைக்கு அது பெயராயிற்று. அதன்பின், ஏர் பிடித்தறியாத நகரத்தானை நாட்டுப்புறத்தார் எள்ளும் சொல்லாயிற்று. 1600 அளவில், சீப்சைடு வீதியிலுள்ள தூய மேரி-லெ-போ கோயிலின் மணியோசை கேட்கும் எல்லைக்குள் பிறந்தவனே காக்னி என்று வரம்பு கட்டினர்.

கதை கட்டுவோர் எந்நாட்டில்தான் இல்லை? 1617இல் அகராதி வெளியிட்ட மின்ஷூ ஒரு கதை சொன்னார். நகரத்துச் சிறுவன் குதிரை கனைப்பதைக் கேட்டானாம். பிறகு சேவல் கூவியதும், 'சேவலும் கனைக்கிறதா?' என்றானாம், அதனால் வந்ததாம் பெயர்! சொல்லுக்கும் ஒரு தலபுராணம்!

மணியின் கதையைப் பாருங்கள். 1941 மே மாதம் செருமானியர் வீசிய குண்டுகளால் அம்மணிகள் அழிந்தன. மீண்டும் ஒலித்தது 1961இல். இடைப்பட்ட இருபதாண்டுகளில் இலண்டனில் காக்னியே பிறக்கவில்லையா? பிறந்தனர், பேசினர், உழைத்தனர். பெயர் மணிக்குரியதன்று, மக்களுக்குரியது என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ?

அம்மக்கள் வாழ்ந்த கிழக்கு இலண்டனில்தான், 1889இல் துறைமுகத் தொழிலாளர் மணிக்கு ஆறு பென்னி கூலி கேட்டு வேலைநிறுத்தம் செய்து வென்றனர். முட்டையென்று பழிக்கப்பட்டோர் பாறையென நின்ற காட்சி அது!

ஆனால், ஏளனம் அத்துடன் ஓய்ந்ததா? இல்லை, பள்ளிக்கூடத்துள் நுழைந்தது. தொடக்கப்பள்ளிகளில் ஆங்கிலம் கற்பிப்பது பற்றி 1909இல் இலண்டனில் ஆராய்ந்த மாநாடு, காக்னிப் பேச்சு அண்மையில் தோன்றிய சிதைவென்றும், பேரரசின் தலைநகரில் வாழ்வோர்க்குத் தகாததென்றும் தீர்ப்பளித்தது. தாயின் மடியில் கற்ற பேச்சைத் தலைகுனிந்து மறைக்குமாறு பிள்ளைக்குப் பாடம்!

ஆசிரியத் தொழிலில் இருக்கும் என்னை அத்தீர்ப்பு உறுத்துகிறது. பொதுமொழியைக் கற்பிப்பது கடமை. அதற்காக வீட்டுமொழியை இகழ்வது கொடுமை. அத்தீர்ப்புக்குப் பின்னும் காக்னிகள் நாணவில்லை. பழிச்சொல்லையே பட்டமாக்கி, 'நான் காக்னி' என்று மார்தட்டினர்.

தோழர்களே, பெயர் சூட்டியவர் இகழ்ந்தார்; பெயர் தாங்கியவர் நிமிர்ந்தார். சொல்லின் பொருளை முடிவு செய்தது அகராதியன்று, அந்த நிமிர்வே.