மணவாளக்குறிச்சி மணலும் என் கடைவாய்ப் பல்லும்

பாலக்காட்டில் கடை நடத்தும் எனக்குச் சென்ற ஆண்டு கடைவாய்ப் பல் போய், டைட்டானியத் திருகு வைத்தார்கள். "எலும்பு பிடிக்கணும் அய்யா, மூணு மாசம் பொறுங்க" என்றார் மருத்துவர். சர்க்கரை நோய் உள்ளவன். பிடிக்குமோ என்ற பயமே என்னைப் படிக்க வைத்தது.

1909இல் ஷாம்பர்க் என்ற ஜெர்மானியர், மணவாளக்குறிச்சித் தேங்காய்நார்க் கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட்டைக் கண்டார். அதனோடு கிடக்கும் கருமணலில் உள்ள இல்மனைட்டே டைட்டானியத்தின் தாது. அன்று திருவிதாங்கூரில் இருந்த அவ்வூர் 1956இல் தமிழகத்தோடு சேர்ந்தது. கேரளத்துச் சவறாவில் 2011இல் டைட்டானிய உலோக ஆலையே வந்துவிட்டது.

1950களில் சுவீடனின் பிரோனெமார்க், முயலின் எலும்பில் வைத்த டைட்டானியக் கருவியைக் கழற்ற முடியாமல் திகைத்தார், எலும்பு பற்றியிருந்தது. 1965இல் மனிதருக்குப் பல் பொருத்தினார். அவருடைய திருகு வழவழப்பானது. பின்வந்தோர் துகள் வீசி, அமிலத்தில் அரித்து, மேற்பரப்பில் நுண்குழிகள் உண்டாக்கினர். எலும்புச் செல்கள் அங்கே நன்கு காலூன்றுவதால் பிடிப்பும் சீக்கிரம் கிடைக்கிறது. உலோகத்தின் உள்மணிகளைப் பொடியாக்கினால் திருகின் வலிமையும் கூடும்.

சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்தேன்; பல் நின்றது. என் திருகு எந்த ஊர் மணலோ அறியேன். ஆனால் இங்கே வளரும் நம் பிள்ளைகள் மணவாளக்குறிச்சியின் பெயரையாவது அறிந்திருக்க வேண்டாமா?