இணையதள வருகைப் புள்ளிவிவரங்கள்: எதை எண்ணுவது, எதைக் காப்பது

ஆண்டறிக்கை தயாரிக்கும் பருவத்தில் தொண்டு நிறுவனங்களும் உரிமை அமைப்புகளும் தம் இணையதளத்திற்கு ஒரு வரியை ஒதுக்குவது வழக்கம். இவ்வாண்டு தளம் இத்தனை லட்சம் ‘ஹிட்ஸ்’ பெற்றது என்பதே அவ்வரி. எண் பெரிதாக இருந்தால் நிதி வழங்குவோரும் நிறைவடைகின்றனர். ஆனால், காவல் நிலையத்தில் புகாரை ஏற்க மறுத்துத் திருப்பி அனுப்பப்பட்ட ஒருவர் அன்றிரவு கைப்பேசியில் தேடி அத்தளத்தை வந்தடைந்தாரா, தமக்குத் தேவையானதைக் கண்டாரா என்பதற்கு அவ்வரியில் விடை இல்லை. அவ்விடையை நெருங்கும் வகையில் வருகைப் புள்ளிவிவரங்களை வாசிப்பது எப்படி, வாசிக்கும்போது வந்தவரின் பாதுகாப்பைக் காப்பது எப்படி என்பனவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

நான்கு சொற்கள், நான்கு பொருள்கள்

‘ஹிட்’ என்பது சர்வரிடம் கேட்கப்படும் ஒவ்வொரு கோப்பையும் குறிக்கும். ஒரு பக்கத்தில் இருபது படங்கள் இருந்தால், அப்பக்கத்தை ஒருவர் ஒருமுறை திறப்பதே இருபத்தொரு ஹிட்களாகப் பதிவாகும். படங்களைக் கூட்டினால் ஹிட்களும் கூடும்; வாசகர் கூடமாட்டார். எனவே இவ்வெண்ணை எந்த அறிக்கையிலும் சேர்க்கத் தேவையில்லை.

‘பக்கப் பார்வை’ என்பது ஒரு பக்கம் திறக்கப்பட்ட தடவைகளின் எண்ணிக்கை. ‘வருகை’ என்பது ஒருவர் தொடர்ச்சியாகத் தளத்தில் செலவிடும் ஓர் அமர்வு. பெரும்பாலான கருவிகள் முப்பது நிமிடம் எந்த அசைவும் இல்லையெனில் அவ்வமர்வு முடிந்ததாகக் கொள்கின்றன. ‘வருகையாளர்’ என்பது தனித்தனி மனிதர்களைக் குறிப்பதாகத் தோன்றும். உண்மையில் எண்ணப்படுவன உலாவிகளும் கருவிகளுமே.

எண்கள் பிறழும் இடங்கள்

நம் சூழலில் இவ்வேறுபாடு சிறியதன்று. ஒரு குடும்பத்திற்கு ஒரே கைப்பேசி, விடுதிக்கு ஒரே கணினி என்று இருக்கும் இடங்களில் பலர் ஒருவராகக் கணக்கிடப்படுகின்றனர். கைப்பேசியிலும் அலுவலகக் கணினியிலும் மாறி மாறிப் படிக்கும் செயற்பாட்டாளர் இருவராகிறார். கைப்பேசி நிறுவனங்கள் ஏராளமான வாடிக்கையாளர்களை ஒரே பொது ஐபி முகவரியின் பின்னால் இணைப்பதால், முகவரியைக் கொண்டு ஆள்களை எண்ணுவதும் பொருந்தாது. ஐபி முகவரி காட்டும் ஊரையும் அப்படியே நம்ப இயலாது. இராமநாதபுரத்திலிருந்து படிப்பவர் சென்னைவாசியாகப் பதிவாகக்கூடும். இதை வைத்து, தென் மாவட்டங்களில் நமக்கு வாசகர் இல்லை என்று முடிவு கட்டுவது தவறாகும்.

மனிதர் அல்லாத வருகைகளும் உண்டு. தேடுபொறிகளின் நிரல்கள், உள்ளடக்கத்தைத் திரட்டும் நிரல்கள், கடவுச்சொல்லை உடைக்க முயலும் நிரல்கள் ஆகிய அனைத்தும் சர்வர் பதிவேட்டில் இடம்பெறும். கூகுள் அனலிட்டிக்ஸ் போன்ற கருவிகள் உலாவியில் இயங்கும் சிறு நிரலைக் கொண்டு எண்ணுவதால் இவற்றில் பலவற்றைத் தவிர்த்துவிடுகின்றன. ஆனால் விளம்பரத் தடுப்பான் வைத்திருக்கும் உண்மையான வாசகர்களையும் அவை தவறவிடுகின்றன. இரண்டு கருவிகள் இருவேறு எண்களைத் தருவது இதனாலேயே.

இன்னொரு பெரிய விடுபாடு வாட்ஸ்அப். தளத்திலிருந்து ஒரு பிடிஎஃப் கையேட்டை ஒருவர் பதிவிறக்கிக் குழுக்களில் பகிர்ந்தால், அதன்பின் அதைப் படிக்கும் நூறு பேரும் எந்தப் பதிவேட்டிலும் வரமாட்டார்கள். இணைப்பை மட்டும் பகிர்ந்தாலும், அதைத் தொட்டு வருவோர் பெரும்பாலும் ‘நேரடி வருகை’ என்ற தலைப்பிலேயே சேர்க்கப்படுவர். எந்தக் குழுவிலிருந்து, எந்தச் சுற்றறிக்கையிலிருந்து வந்தனர் என்பதை ஓரளவு அறிய, பகிரும் இணைப்பின் முடிவில் ஓர் அடையாளக் குறியைச் சேர்த்து அனுப்பலாம்.

தளங்களை ஒன்றோடொன்று ஒப்பிடும் தரவரிசைகளைக் குறித்தும் எச்சரிக்கை தேவை. அலெக்சா என்ற தரவரிசை பல ஆண்டுகள் உலகெங்கும் மேற்கோள் காட்டப்பட்டது. அது பெருமளவு, தன் கருவிப்பட்டையைக் கணினி உலாவியில் நிறுவிக்கொண்டவர்களின் நடத்தையிலிருந்து கணிக்கப்பட்டது. கைப்பேசியில் மட்டுமே இணையம் காணும் ஒரு கிராமத்து இளைஞருக்கு அக்கணிப்பில் இடமில்லை. 2022 மே மாதம் அச்சேவை நிறுத்தப்பட்டது. அதன் இடத்திற்கு வந்துள்ள கணிப்புகளையும், யாரை எண்ணினீர்கள் என்ற கேள்வியைக் கேட்காமல் ஏற்கக் கூடாது.

நோக்கத்திலிருந்து தொடங்குதல்

மதிப்பீட்டின் முதற்படி, தளம் எதற்காக உள்ளது என்பதை எழுதிவைப்பது. சட்ட உதவி வழங்கும் தளம் என்றால் அதன் பணிகள் தெளிவானவை: முதல் தகவல் அறிக்கை மறுக்கப்பட்டால் அடுத்து என்ன செய்வது, நிவாரணத் தொகை கோருவது எப்படி, யாரைத் தொலைபேசியில் அழைப்பது. ஒவ்வொரு பணிக்கும் ஒரு பக்கம், ஒவ்வொரு பக்கத்திற்கும் ஓர் அளவுகோல் என்று அமைத்துக்கொண்டால் எண்கள் பொருள் பெறத் தொடங்கும்.

இங்கே வணிகத் தளங்களின் அளவுகோல்கள் தலைகீழாகின்றன. வாசகரை நெடுநேரம் தங்கவைப்பது வணிகத் தளத்திற்கு வெற்றி. வன்கொடுமைகளுக்கு எதிரான தேசிய உதவி எண்ணான 14566-ஐத் தேடி வந்தவர், அதைக் கண்டதும் தளத்தை மூடிவிட்டு அழைத்தால் அதுவே நமக்கு வெற்றி. ஆனால் கூகுள் அனலிட்டிக்ஸின் இன்றைய வடிவம், பத்து நொடிகளுக்கு மேல் நீளாத, வேறு பக்கத்திற்குச் செல்லாத வருகையை ஈடுபாடற்றது என்று வகைப்படுத்தும். முக்கியச் செயல் ஒன்றை நாம் குறித்துவைத்து, அது நிகழ்ந்திருந்தால் மட்டுமே விலக்கு. எனவே அழைப்பு எண்ணைத் தொடுதல், புகார் மாதிரியைப் பதிவிறக்குதல் ஆகியவற்றை முக்கியச் செயல்களாகக் குறித்து, தனியே எண்ண வேண்டும்.

ஏப்ரல் 14, டிசம்பர் 6, வெண்மணி நாளான டிசம்பர் 25 ஆகிய நாள்களில் தலித் உரிமைத் தளங்களுக்கு வருகை உயர்வது இயல்பே. அவ்வுயர்வு மகிழ்ச்சிக்குரியது, எனினும் அது தளத்தின் பயனுக்குச் சான்றாகாது. சட்ட உதவிப் பக்கங்களுக்கு எந்தச் சிறப்பும் இல்லாத ஒரு செவ்வாய்க்கிழமை வரும் பதினைந்து பேரே கவனத்திற்குரியவர்கள். மாதக் கூட்டுத்தொகையைவிட, பக்கவாரியான அன்றாடப் போக்கு அதிகம் சொல்லும்.

பழைய பக்கம் என்னும் ஆபத்து

வருகைப் புள்ளிவிவரத்தின் தலையாய பயன், எந்தப் பக்கத்தை முதலில் திருத்த வேண்டும் என்று காட்டுவதே. ஓர் எடுத்துக்காட்டு. 2018 மார்ச் 20 அன்று சுபாஷ் காசிநாத் மகாஜன் வழக்கில் உச்ச நீதிமன்றம், வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் வழக்குப் பதியுமுன் முதற்கட்ட விசாரணை நடத்தலாம் என்றது. அதே ஆண்டு ஆகஸ்டில் நாடாளுமன்றம் 18ஏ பிரிவைச் சேர்த்து, அத்தகைய விசாரணை தேவையில்லை என்று உறுதிசெய்தது. 2020 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமும் அப்பிரிவை ஏற்றது. இடைப்பட்ட மாதங்களில் எழுதப்பட்ட ஒரு விளக்கக் கட்டுரை திருத்தப்படாமல் தளத்தில் இருந்து, தேடுபொறி அதையே முதலில் காட்டினால், இன்று படிப்பவர் தமக்கு இல்லாத ஒரு தடையை உள்ளதென நம்பித் திரும்பிவிடுவார். அப்பக்கத்தின் உயர்ந்த வருகை எண் பெருமைக்குரியதன்று, அபாய அறிவிப்பு.

2024 ஜூலை 1 முதல் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா நடைமுறைக்கு வந்தது. வழக்குப் பதிய மறுக்கப்பட்டால் காவல் கண்காணிப்பாளரை அணுகுவதற்கான பழைய 154(3) இப்போது 173(4). நடுவர் நீதிமன்றத்தை அணுகுவதற்கான 156(3) இப்போது 175(3). உறுதிமொழிப் பத்திரத்துடன் மனுச் செய்வதும் இப்போது சட்டத்திலேயே இடம்பெற்றுள்ளது. தளத்தில் அதிகம் படிக்கப்படும் இருபது பக்கங்களை எடுத்து, ஒவ்வொன்றிலும் பழைய பிரிவு எண்கள் உள்ளனவா என்று சரிபார்ப்பது ஒரு நாள் வேலை. சட்டக் கல்லூரி மாணவர்கள் இதை மேற்கொள்ளலாம்.

கூகுள் தேடலில் தளத்தை மக்கள் எச்சொற்களால் அடைகின்றனர் என்பதை ‘சர்ச் கன்சோல்’ என்ற கட்டணமில்லாக் கருவி காட்டும். நாம் ‘முதல் தகவல் அறிக்கை’ என்று எழுத, மக்கள் ‘எஃப்ஐஆர் போட மறுத்தால்’ என்று தேடினால், தலைப்பை மக்களின் சொல்லுக்கு மாற்ற வேண்டும். ஒருங்குறி அல்லாத பழைய எழுத்துருக்களில் ஆன பிடிஎஃப்களைத் தமிழில் தேடுவோர் கண்டடைவது அரிது. அவற்றை ஒருங்குறிக்கு மாற்றுவதே வழி.

வந்தவரின் தடம்

சர்வர் பதிவேட்டின் ஒவ்வொரு வரியிலும் ஐபி முகவரி, நேரம், திறந்த பக்கம், உலாவியின் வகை ஆகியன இருக்கும். வன்கொடுமைப் புகார் அளிப்பது குறித்த பக்கத்தை இன்ன நாளில், இன்ன மணிக்கு, இன்ன முகவரியிலிருந்து ஒருவர் திறந்தார் என்பது, சிறிய ஊரில் ஒரு மனிதரை அடையாளம் காட்டப் போதுமானதாகலாம். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 15ஏ(8) பிரிவு, சாட்சிகளின் பெயரையும் முகவரியையும் மறைக்கச் சிறப்பு நீதிமன்றத்திற்கு அதிகாரம் தருகிறது. நீதிமன்றம் மறைக்கக்கூடியதை நம் பதிவேடு வெளிப்படுத்திவிடக் கூடாது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69பி பிரிவு, இணையப் பாதுகாப்பின் பெயரால் போக்குவரத்துத் தரவைத் திரட்ட அரசுக்கு வழிசெய்கிறது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். நம்மிடம் இல்லாத தரவை எவரும் நம்மிடமிருந்து பெற இயலாது.

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017இல் புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. தேவைக்கு மேல் திரட்டாதிருத்தல், நோக்கம் முடிந்ததும் அழித்தல் ஆகியன 2023ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் வகுக்கும் நெறிகள். நடைமுறையில் இவை போதும்: மட்டோமோ போன்ற கருவியைச் சொந்தச் சர்வரில் நிறுவுதல், ஐபி முகவரியின் கடைசிப் பகுதிகளை மறைத்தல், மாதக் கூட்டெண்களை எடுத்துக்கொண்டு, சட்டப்படி வைத்திருக்க வேண்டிய காலம் முடிந்ததும் மூலப் பதிவுகளை அழித்தல், புகார்ப் படிவம் உள்ள பக்கங்களில் வெளியார் நிரல் எதையும் வைக்காதிருத்தல்.

அறிக்கையில் எழுத வேண்டியவை

புள்ளிவிவரம் சூழ்நிலைச் சான்று போன்றது. வேறொரு சான்று துணைநிற்க வேண்டும். அலுவலகத்திற்கு வரும் ஒவ்வோர் அழைப்பிலும் எங்களை எவ்வாறு அறிந்தீர்கள் என்று கேட்டு, பெயரின்றி விடையை மட்டும் பதிவு செய்தால் அத்துணைச் சான்று கிடைக்கும். உதவிப் பக்கங்களின் வருகை, மாதிரி மனுக்களின் பதிவிறக்கம், தளம் வழியாக வந்த அழைப்புகள், திருத்தப்பட்ட பக்கங்கள் என நான்கு எண்களை ஆண்டுதோறும் ஒரே முறையில் தருவது, லட்சக்கணக்கான ஹிட்களைவிட நேர்மையான கணக்கு.

வன்கொடுமை வழக்குகளில் உடனடி நிவாரணம் ஏழு நாள்களுக்குள் வழங்கப்பட வேண்டும், விசாரணை அறுபது நாள்களில் முடிய வேண்டும் என்கின்றன 1995ஆம் ஆண்டின் விதிகளும் அவற்றின் திருத்தங்களும். அந்த ஏழாம் நாளுக்குள் சரியான பக்கம் உரியவர் கைக்குச் சென்றதா என்பதே நம் தளத்தை அளக்கும் கோல்.